நீலமா, கருப்பா? பழைய புல்லட்டின் புகையைப் படிப்போம்

பழைய புல்லட் ஒன்று புகை விட்டால், முதலில் கை நீள்வது கார்புரேட்டர் திருகை நோக்கித்தான். அது கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது. கால் சுற்று திருப்பினால் இன்ஜின் சத்தமும் மாறுகிறது. ஆனால், புகைக்கும் அந்தத் திருகுக்கும் பல நேரங்களில் தொடர்பே இருப்பதில்லை. வால்வு வழியாக ஆயில் இறங்கும் இன்ஜினுக்குப் பெட்ரோலைக் குறைத்தால் புகை நிற்காது; இன்ஜின் சூடேறிப் புதிதாக ஒரு நோய்தான் சேரும்.

இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து 1955-இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தைத் தொடங்கின. இங்கிலாந்தில் உற்பத்தி 1970-இல் நின்றுபோன பிறகும், திருவொற்றியூரில் புல்லட்டின் அதே வடிவமைப்பு தொடர்ந்தது. 70 மி.மீ. விட்டமும் 90 மி.மீ. ஓட்டமும் கொண்ட 346 சி.சி. ஒற்றை சிலிண்டர் இன்ஜின் அது. மின்னணுக் கட்டுப்பாடு எதுவும் இல்லாததால், கோளாறு வந்தால் எச்சரிக்கை விளக்கு எரியாது. ஓட்டுபவருக்குக் கிடைக்கும் தகவல் புகை, சத்தம், வாசனை, பிளக்கின் நிறம் ஆகியவைதான். இவற்றைச் சரியாகப் படித்தாலே கோளாறின் இருப்பிடத்தைப் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம்.

புகைக்கு ஏன் நிறம்?

பெட்ரோல் என்பது ஹைட்ரஜனும் கார்பனும் சேர்ந்த சேர்மங்களின் கலவை. ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். கன அளவில் சொன்னால், ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஏறத்தாழ 9,000 லிட்டர் காற்று. இந்த விகிதத்தில் நன்றாக எரிந்தால் கார்பன் டை ஆக்சைடும் நீராவியும்தான் முக்கியமாக வெளியேறும். இரண்டுமே கண்ணுக்குத் தெரியாத வாயுக்கள். ஆகவே, சூடேறிய நல்ல இன்ஜினுக்குப் புகையே தெரியக் கூடாது. புகை தெரிகிறது என்றால் வாயுவோடு திடத்துகளோ திரவத்துளியோ கலந்து வருகிறது என்று பொருள்.

கருப்புப் புகையில் இருப்பது எரியாத கார்பன் துகள். எல்லா நிற ஒளியையும் அது விழுங்கிவிடுவதால் கருப்பாகத் தெரிகிறது. நீலப்புகையில் இருப்பது இன்ஜின் ஆயிலின் மிக நுண்ணிய துளிகள். ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறிய துகள்கள், சிவப்பு ஒளியைவிட நீல ஒளியை நான்கு மடங்குக்கு மேல் சிதறடிக்கும். வானம் நீலமாக இருப்பதற்கு 1871-இல் ராலே தந்த விளக்கமும் இதுதான். வெண்புகையில் இருப்பது அதைவிடப் பெரிய துளிகள். அவை எல்லா நிறங்களையும் ஏறக்குறைய ஒரே அளவில் சிதறடிப்பதால் மேகம்போல் வெள்ளையாகத் தெரிகின்றன.

இந்த இயற்பியலிலிருந்து இரண்டு நடைமுறைப் பாடங்கள் கிடைக்கின்றன. நீலப்புகையை நிழலான சுவரையோ மரத்தையோ பின்னணியாக வைத்துத்தான் பார்க்க வேண்டும். பளிச்சென்ற வானத்துக்கு எதிரே பார்த்தால், சிதறிய நீலம் போக மிஞ்சிய ஒளிதான் கண்ணை அடையும். அதே புகை பழுப்பாகத் தெரிந்து ஏமாற்றும். இரண்டாவது, ஆயில் துளிகள் அதிகமாகி ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதானால் ஆயில் புகையும் வெள்ளையாகிவிடும். எனவே நிறத்தை மட்டும் நம்பக் கூடாது. சைலன்சர் வாய்க்குச் சற்றுத் தள்ளி ஒரு வெள்ளைத் தாளைச் சிறிது நேரம் பிடித்துப் பாருங்கள். உலர்ந்த கரித்தூள் படிந்தால் பெட்ரோல் அதிகம். பிசுபிசுப்பான புள்ளிகள் விழுந்தால் ஆயில். ஈரம் பட்டுத் தடமின்றிக் காய்ந்துவிட்டால் தண்ணீர்.

நீலப்புகை: நேரத்தைக் கவனியுங்கள்

ஆயில் எரிகிறது என்பதை நிறம் சொல்லும். அது எந்த வழியாக வருகிறது என்பதை நேரம்தான் சொல்லும்.

ஆக்சிலேட்டரை முறுக்கி ஏற்றத்தில் ஏறும்போதெல்லாம், சுமை இருக்கும்வரை புகை வந்தால் பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் போரும் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். இறக்கத்தில் ஆக்சிலேட்டரை மூடி கியரிலேயே இறங்கிவிட்டு, மறுபடி முறுக்கும்போது குப்பென்று புகை வந்தால் வால்வு கைடைச் சந்தேகிக்க வேண்டும். ஆக்சிலேட்டர் மூடியிருக்கும்போது உறிஞ்சு பாதையில் காற்றழுத்தம் வெகுவாகக் குறையும். அந்த உறிஞ்சல், தேய்ந்த கைடுக்கும் வால்வுத் தண்டுக்கும் இடையிலிருக்கும் இடைவெளி வழியே ஆயிலை உள்ளே இழுத்துக்கொள்கிறது.

பல வாரங்கள் நிறுத்தி வைத்த புல்லட், முதல் உதைக்குக் கிளம்பியதும் தெருவையே புகையாக்கிவிட்டுச் சில நிமிடங்களில் தெளிந்தால் பதற வேண்டாம். புல்லட்டின் ஆயில் தொட்டி இன்ஜின் உறைக்குள்ளேயே தனி அறையாக இருக்கிறது. நெடுநாள் நிற்கும்போது, தொட்டி ஆயில் பம்பின் இடுக்கு வழியே கசிந்து கிராங்க் சுழலும் அறைக்கு இறங்கிவிடும். கிளம்பும்போது அந்த ஆயில்தான் எரிகிறது. பம்ப் அதைத் திரும்பத் தொட்டிக்கு ஏற்றியதும் புகை அடங்கும். இந்த நிலையில் பலரும் செய்யும் பிழை ஒன்று உண்டு. கிளப்புவதற்கு முன்பே அளவுக்குச்சியைப் பார்த்து, ஆயில் குறைந்துவிட்டது என்று மேலும் ஊற்றிவிடுகிறார்கள். மிகையான ஆயில் பிரீதர் குழாய் வழியாகப் பீறிடும், புகையும் கூடும். ஓட்டிச் சூடேற்றி, பம்ப் வேலையை முடித்த பிறகு அளவைப் பார்ப்பதே முறை.

அந்த பிரீதர் குழாயின் நுனியிலிருக்கும் ரப்பர் வால்வையும் பார்த்துவிடுங்கள். அது ஒட்டிக்கொண்டாலோ குழாய் அடைத்தாலோ கிராங்க் அறையில் அழுத்தம் ஏறி, நல்ல ரிங்கைத் தாண்டியும் ஆயில் மேலே போகும். சில நூறு ரூபாயில் தீர வேண்டிய சிக்கலுக்கு இன்ஜினையே பிரிப்பது இப்படித்தான் நேர்கிறது.

இன்ஜினைத் திறப்பதற்கு முன் செய்யக்கூடிய எளிய சோதனை ஒன்று இருக்கிறது. கிக்கரை மெல்ல மிதித்து, அழுத்தம் இறுகும் இடத்தில் உடல் எடையைக் கொடுத்து நில்லுங்கள். நல்ல இன்ஜின் சில நொடிகளாவது தாங்கும். உடனே கால் இறங்கினால் ‘உஸ்’ ஒலி எங்கிருந்து வருகிறது என்று இன்னொருவரைக் கேட்கச் சொல்லுங்கள். கார்புரேட்டர் பக்கம் கேட்டால் உள்வால்வு. சைலன்சரில் கேட்டால் வெளிவால்வு. பிரீதர் குழாயில் கேட்டால் ரிங். பிளக் துளை வழியாக ஒரு கரண்டி ஆயில் விட்டுப் பார்த்ததும் கம்ப்ரஷன் கூடினால், தேய்ந்தது ரிங்தான் என்பது உறுதியாகும். புதிதாக போர் போட்டு ரிங் மாற்றிய வண்டி மட்டும் முதல் சில நூறு கிலோமீட்டருக்கு லேசாகப் புகைக்கலாம். ரிங் படிந்ததும் நின்றுவிடும்.

வெண்புகை: பெரும்பாலும் தண்ணீர்

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உருவாகிறது. மார்கழிக் காலையில் குளிர்ந்த சைலன்சருக்குள் அந்த நீராவி துளிகளாக மாறி வெண்புகையாக வரும். சைலன்சர் சூடேறியதும் மறையும். கார்களில் விடாத வெண்புகை வந்தால் ஹெட் கேஸ்கட் வழியே குளிர்நீர் கசிகிறது என்பார்கள். காற்றால் குளிரும் புல்லட்டில் குளிர்நீரே கிடையாது. சூடான பிறகும் வெண்புகை வருகிறதென்றால் பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கலாம். இல்லையேல் அது அடர்ந்த ஆயில் புகை.

எஸ்டி, ஆர்எக்ஸ் 100 போன்ற டூ-ஸ்ட்ரோக் வண்டிகளின் கணக்கு வேறு. அவற்றில் ஆயில் பெட்ரோலோடு சேர்ந்தே எரிவதால் லேசான நீலப்புகை இயல்பு. திடீரென்று அடர்ந்த புகை வந்து, கியர் பெட்டியின் ஆயிலும் குறைந்துகொண்டே போனால், கிராங்க் ஷாஃப்டின் ஆயில் சீல் போய்விட்டது. கியர் ஆயிலை இன்ஜின் உறிஞ்சி எரிக்கிறது. அதை எந்த ஜெட் மாற்றமும் சரிசெய்யாது.

கருப்புப் புகை: இப்போது கார்புரேட்டர்

இங்கேதான் கார்புரேட்டருக்கு வேலை வருகிறது. கொசு மருந்தடிக்கும் பழைய கைப்பம்பை நினைத்துப் பாருங்கள். குழாயின் வாயில் காற்று வேகமாக வீசும்போது அங்கே அழுத்தம் குறைந்து, கீழேயுள்ள மருந்து மேலேறித் தூவலாகிறது. வேகம் கூடினால் அழுத்தம் குறையும் என்ற பெர்னூலியின் 1738-ஆம் ஆண்டு விளக்கமே கார்புரேட்டரின் அடிப்படை. குறுகிய தொண்டை வழியாகக் காற்று விரைகிறது. மிதவைக் கிண்ணத்திலிருந்து பெட்ரோல் பித்தளைத் துளைகள் வழியே மேலேறித் தூவலாகக் கலக்கிறது.

தொடக்க கால புல்லட்டில் அமால் கார்புரேட்டரும் பிற்காலத்தில் மிக்கார்ப் விஎம் 24-ம் வந்தன. இவ்வகைக் கார்புரேட்டர்களில் ஆக்சிலேட்டர் திறப்பின் ஒவ்வொரு கட்டத்துக்கும் பொறுப்பான பாகம் வேறு. ஐட்லிங் முதல் எட்டில் ஒரு பங்கு திறப்புவரை ஸ்லோ ஜெட்டும் ஏர் ஸ்க்ரூவும். அங்கிருந்து கால் பங்குவரை ஸ்லைடின் அடியிலுள்ள வெட்டு. கால் முதல் முக்கால்வரை நீடிலும் அது நுழையும் நீடில் ஜெட்டும். அதற்கு மேல் மெயின் ஜெட். ஆகவே, “எப்போது புகைக்கிறது?” என்ற கேள்வி இங்கும் முக்கியம். முழு வேகத்தில் மட்டும் கரி கக்கும் வண்டிக்கு ஏர் ஸ்க்ரூவைத் திருப்பிப் பயனில்லை. ஊர்வேகத்தில் புகைத்து, பெட்ரோலையும் கூடுதலாகக் குடிக்கும் பழைய வண்டியில் நீடில் ஜெட்டின் துளை தேய்ந்து அகன்றிருப்பது வழக்கம்.

ஆனாலும் கார்புரேட்டரைத் தொடுவதற்கு முன் பார்க்க வேண்டியவை இருக்கின்றன. ஏர் ஃபில்டர் அடைத்திருந்தால் காற்று குறைந்து கருப்புப் புகை வரும். சோக் முழுதாக விடுவிக்கப்படாமல் இருந்தாலும் வரும். தீப்பொறி பலவீனமாக இருந்தால் கலவை சரியாக இருந்தும் அரைகுறையாக எரியும். எனவே பாயின்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. இருக்கிறதா என்று அளந்து, டைமிங்கையும் சரிபார்க்க வேண்டும். டேப்பட் இறுக்கமாக இருந்தால் வால்வு முழுதாக மூடாது. பழைய புல்லட்டில் இதற்கு ஃபீலர் கேஜ்கூடத் தேவையில்லை. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது புஷ்ராட் விரலால் சுழல வேண்டும். மேலும் கீழும் ஆடக் கூடாது. அவ்வளவுதான்.

இவை எல்லாம் சரியாக இருந்தால் கார்புரேட்டரைக் கழற்றலாம். முதலில் மிதவை மட்டம். மிதவை ஊசி தேய்ந்து பெட்ரோல் மட்டம் உயர்ந்தால் எல்லாக் கட்டங்களிலும் கலவை அடர்த்தியாகும். ஜெட்டைச் சுத்தம் செய்யக் காற்றழுத்தம் போதும். கம்பியை விட்டுக் குத்தவே கூடாது. பித்தளை மென்மையான உலோகம். துளையின் விட்டம் 5 சதவீதம் அகன்றாலே பரப்பு 10 சதவீதம் கூடிவிடும். அதன்பின் அந்த ஜெட்டின் மீது பொறித்திருக்கும் எண்ணுக்கு அர்த்தமில்லை.

ட்யூனிங் செய்யும் முறை

பத்து நிமிடம் ஓட்டி இன்ஜினைச் சூடேற்றுங்கள். ஐட்லிங்கைச் சற்றே உயர்த்தி வையுங்கள். ஏர் ஸ்க்ரூவை மெல்ல முழுதாக மூடி, ஒன்றரைச் சுற்று திறந்துவிடுங்கள். அங்கிருந்து இருபக்கமும் கால் கால் சுற்றாக நகர்த்தி, இன்ஜின் அதிக வேகத்தில் சீராக ஓடும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். பிறகு ஐட்லிங்கைக் குறைத்து, மறுபடியும் ஒருமுறை சரிபாருங்கள். காற்றை அளக்கும் இந்தத் திருகை உள்ளே திருப்பினால் கலவை அடர்த்தியாகும். வெளியே திருப்பினால் மெலியும். திருகு ஏறக்குறைய மூடிய நிலையில்தான் இன்ஜின் நன்றாக ஓடுகிறது என்றால் ஸ்லோ ஜெட் சிறியது அல்லது அடைத்திருக்கிறது. மூன்று சுற்றுக்கு மேல் திறக்க வேண்டியிருந்தால் ஜெட் பெரியது.

நடுக்கட்டத்துக்கு நீடிலின் கிளிப். கிளிப்பை மேல் பள்ளத்துக்கு மாற்றினால் நீடில் கீழிறங்கிக் கலவை மெலியும்; கீழ்ப் பள்ளத்துக்கு மாற்றினால் அடர்த்தியாகும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம், அதுவும் ஒரே ஒரு பள்ளம். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் போக்குவரத்து இல்லாத சாலையில் அந்தக் கட்டத்திலேயே சிறிது தூரம் ஓட்டி, இன்ஜினை அணைத்து, ஓரமாக நிறுத்திப் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். உலர்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம். ஈரமான பிசுக்கு என்றால் ஆயில். பீங்கான் வெள்ளை வெளேரென்று இருந்தால் பெட்ரோல் போதவில்லை. காபித்தூள் பழுப்பு நிறமே சரி என்பது பழைய பாடம். ஈயம் கலந்த பெட்ரோல் இருந்த காலத்தில் அது நன்றாகத் தெரிந்தது. 2000 பிப்ரவரி முதல் நாடு முழுவதும் ஈயமில்லாப் பெட்ரோல்தான் என்பதால், இப்போது நிறம் வெளிறியே இருக்கும். அதைப் பார்த்துப் பெட்ரோலைத் தேவைக்கு மேல் கூட்டிவிடக் கூடாது.

புகையே வராத ஆபத்து

கார்புரேட்டர் சரியாக இருந்தும் காற்றும் எரிபொருளும் மாறலாம். கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டியில் காற்றின் அடர்த்தி சென்னையைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கார்புரேட்டரோ பெட்ரோலை அந்த அளவுக்குக் குறைப்பதில்லை. மலையேறும்போது கலவை பத்து சதவீதத்துக்கு மேல் அடர்த்தியாகிவிடும். சமவெளியில் சுத்தமாக ஓடிய வண்டி கொண்டை ஊசி வளைவுகளில் கருப்பாகப் புகைந்து இழுவையை இழப்பது இதனால்தான். அங்கே திருகிச் சரிசெய்துகொண்டு அப்படியே மேட்டுப்பாளையத்துக்கு இறங்கினால், கலவை மெலிந்து இன்ஜின் சூடேறும்.

எத்தனாலின் விளைவு நேர்மாறானது. இப்போது நம் பங்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆக்சிஜன் இருப்பதால், இந்தக் கலவையின் ஒரு கிலோ எரிய சுமார் 13.5 கிலோ காற்றே போதும். தனிப் பெட்ரோலுக்காக அளந்து துளையிட்ட பழைய ஜெட்டுக்கு இது தெரியாது. அது பழைய அளவையே தருகிறது. விளைவு, கலவை ஏறத்தாழ 8 சதவீதம் மெலிகிறது. புகை வருவதில்லை, வண்டி நலமாக இருப்பதுபோலத் தோன்றுகிறது. ஆக்சிலேட்டரை மூடும்போது சைலன்சரில் படபடவென்ற வெடிப்பு, கார்புரேட்டர் வழியாகத் தும்மல், சைலன்சர் பெண்டில் ஏறும் நீலச் சாயல், ஏற்றத்தில் ‘கிளிங் கிளிங்’ என்ற தட்டொலி ஆகியவை அதன் அறிகுறிகள். கவனிக்காவிட்டால் வால்வு கருகும், பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். பிளக்கைப் பார்த்து உறுதிசெய்துகொண்டு, நீடிலை ஒரு பள்ளம் உயர்த்துவதோ மெயின் ஜெட்டை ஓரளவு பெரிதாக்குவதோ இதற்குத் தீர்வு. மேனிஃபோல்டு கேஸ்கட்டில் காற்று கசிந்தாலும் இதே அறிகுறிகள் வரும். ஐட்லிங்கில் அந்த இணைப்பின் மீது சிறிது தண்ணீர் தெளித்துப் பாருங்கள். சத்தம் மாறினால் கசிவு உறுதி. எத்தனால் ஈரத்தை இழுக்கும் தன்மை கொண்டது. பழைய ரப்பர் பாகங்களையும் அரிக்கும். வண்டியை நெடுநாள் நிறுத்தப் போகிறீர்கள் என்றால் மிதவைக் கிண்ணத்தைக் காலி செய்துவிடுங்கள்.

கண்ணுக்குத் தெரியாத இன்னொன்று கார்பன் மோனாக்சைடு. கலவை அடர்த்தியானால், கருப்புப் புகை தெரியத் தொடங்கும் முன்பே இந்த நச்சு வாயு கூடிவிடும். மூடிய கொட்டகைக்குள் இன்ஜினை ஓடவிட்டு ட்யூன் செய்வது உயிருக்கே ஆபத்து. 2000 மார்ச் 31-க்கு முன் தயாரான இருசக்கர வாகனங்கள் ஐட்லிங்கில் வெளியிடும் கார்பன் மோனாக்சைடு 4.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது சட்டம். அதை அளக்கும் கருவி ஊருக்கு ஊர் புகைப் பரிசோதனை மையங்களில் இருக்கிறது. சான்றிதழ் வாங்கப் போகும்போது, கருவி காட்டும் எண்ணையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கண்ணும் காதும் தவறவிடுவதை அந்த எண் சொல்லிவிடும்.

2021-இல் மத்திய அரசு, ஐம்பது ஆண்டைக் கடந்த வாகனங்களுக்கு ‘விஏ’ என்ற எழுத்துகளோடு தனிப் பதிவு முறையைக் கொண்டுவந்தது. பழைய வண்டிகளைக் காப்பதற்குச் சட்டம் தரும் மதிப்பு அது. அந்த மதிப்பைக் காப்பது நம் கையில் இருக்கிறது. பின்னால் சைக்கிளில் வரும் பள்ளிப் பிள்ளை நம் வண்டியின் ஆயிலையும் கரியையும் சுவாசிக்க வேண்டியதில்லை. அடுத்த முறை உங்கள் வண்டி புகைத்தால் ஸ்க்ரூ டிரைவரை எடுக்காதீர்கள். முதலில் ஒரு தாளை எடுங்கள். என்ன நிறம், எந்த நேரத்தில், எந்த வேகத்தில் என்று எழுதுங்கள். அந்த மூன்று வரிகளோடு மெக்கானிக்கிடம் போனால் பாதி வேலை முடிந்ததற்குச் சமம்.